கணினி வந்த வழி – 31: மைனஸ் 196 டிகிரியில் ஒரு பந்தயம்

சென்ற வாரம் சீமோர் க்ரே தம் க்ரே-2 இயந்திரத்தை ஃப்ளோரினர்ட் திரவத்துக்குள் மூழ்கவைத்ததைப் பார்த்தோம். அங்கே திரவத்தின் வேலை சூட்டை அள்ளிக்கொண்டு போவது மட்டும்தான். சில்லுகள் தாங்கக்கூடிய வெப்பநிலையில் இருந்தால் போதும், அதற்கு மேல் குளிரவைத்து என்ன லாபம் என்று க்ரே கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பக்கத்து மாநிலத்தில், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் இருந்தார்கள். குளிரை வைத்துச் சில்லின் இயல்பையே மாற்றி ஓடவைக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஒரு கம்பெனியையே அந்த நம்பிக்கையின்மேல் கட்டினார்கள்.

கம்பெனியின் பெயர் ஈடிஏ சிஸ்டம்ஸ். தொடங்கிய ஆண்டு 1983. பெற்றெடுத்த தாய் கன்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். க்ரே 1972இல் விட்டு விலகிய அதே நிறுவனம். அவர் போன பிறகு அவருடைய க்ரே-1 உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. கன்ட்ரோல் டேட்டாவின் பதில் 1981இல் வாடிக்கையாளர்களுக்குப் போகத் தொடங்கிய சைபர் 205. நல்ல இயந்திரம்தான். ஆனால் அடுத்ததைச் செய்யப் பெரிய நிறுவனத்தின் நிர்வாகச் சுமை இடம் தராது என்று தலைமையே உணர்ந்தது. ஜப்பானிலிருந்து ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, என்இசி மூன்றும் வரிசையாகச் சூப்பர் கம்ப்யூட்டர்களை அறிவித்துக்கொண்டிருந்த காலம் அது. எனவே ஆட்களைத் தனியே பிரித்து, பணம் கொடுத்து, போய்ச் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். தலைவராக லாயிட் தார்ன்டைக். இயந்திரத்தின் வடிவமைப்புக்கு சைபர் 205ஐ உருவாக்கிய நீல் லிங்கன். சில்லுத் தொழில்நுட்பத்துக்கு டோனி வாக்கா. இலக்கு நொடிக்கு 1,000 கோடி தசமக் கணக்குகள், அதாவது 10 கிகாஃப்ளாப்ஸ். இயந்திரத்தின் பெயரிலேயே அந்தப் 10ஐ எழுதிவைத்தார்கள்: ஈடிஏ-10.

அன்றைக்கு வேகம் வேண்டுமென்றால் ஒரே வழி, இசிஎல் எனப்படும் இருமுனை டிரான்சிஸ்டர் சுற்றுகள். க்ரேயும் அதைத்தான் நம்பினார், ஜப்பானியரும் அதைத்தான் நம்பினர். இசிஎல் வேகமானது, ஆனால் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சூடு அதிகம், ஒரு சில்லுக்குள் நிறைய தர்க்க வாயில்களை அடைக்க முடியாது. இன்னொரு பக்கம் சீமாஸ் இருந்தது. கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் உட்காரும் சிக்கனமான தொழில்நுட்பம். சுற்றின் நிலை மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாகும். நெருக்கமாக அடைக்கலாம். குறை ஒன்றுதான்: மெதுவானது. சூப்பர் கம்ப்யூட்டர் செய்பவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஈடிஏ குழு சீமாஸைத் தேர்ந்தெடுத்தது. இதுதான் இந்த அத்தியாயத்தின் உண்மையான துணிச்சல் என்று நான் கருதுகிறேன். சில்லுகளை அவர்கள் மூழ்கவைத்த திரவ நைட்ரஜன் தொட்டி கண்ணைப் பறிப்பதால் எல்லாரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். தொட்டி வந்தது சீமாஸுக்குத் துணையாக. மெதுவான சில்லை வேகமாக்க அவர்களிடம் இருந்த கருவி அந்தக் குளிர்.

அந்த எண்ணம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1977இல் ஐபிஎம்மில் கேன்ஸ்லன், ரைட்அவுட், இரண்டு வாக்கர்கள் ஆகியோர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, சீமாஸுக்கு அடிப்படையான மிகச்சிறிய மாஸ் டிரான்சிஸ்டர்களைத் தாழ்ந்த வெப்பநிலையில் இயக்கினால் என்ன ஆகும் என்று விரிவாகக் காட்டியிருந்தது. அடிப்படை இதுதான். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் சும்மா நிற்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வெப்பம் என்று நாம் சொல்வது அந்த அதிர்வைத்தான். டிரான்சிஸ்டருக்குள் ஓடும் எலெக்ட்ரான் அந்த அதிர்வுகளில் மோதி மோதித் தடுமாறிப் போகிறது. குளிரவைத்தால் அதிர்வு அடங்கும், மோதல் குறையும், எலெக்ட்ரான் விரையும். அதே மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் கிடைக்கும், அடுத்த வாயில் சீக்கிரம் திறக்கும். சில்லுகளை இணைக்கும் கம்பிகளுக்கும் இதே நன்மை உண்டு. தூய செம்பின் மின்தடை திரவ நைட்ரஜனின் வெப்பநிலையில் அறை வெப்பத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மூன்றாவது நன்மை கசிவு குறைவது. டிரான்சிஸ்டரை அணைத்தாலும் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். கசிவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால், அறை வெப்பத்தில் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் வாயில் முனையின் மின்னழுத்தத்தைக் குறைந்தது 60 மில்லிவோல்ட் இறக்க வேண்டும். இது இயற்பியல் போட்ட எல்லை, எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சாதாரண டிரான்சிஸ்டரால் அதைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த எல்லை வெப்பநிலையோடு சேர்ந்து இறங்கும். 77 கெல்வினில், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், வெறும் 15 மில்லிவோல்ட் போதும். அணைந்தால் உண்மையாகவே அணையும் டிரான்சிஸ்டர் கிடைக்கிறது.

குளிர் இலவசமாக எதையும் தருவதில்லை. வெப்பநிலை இறங்க இறங்க டிரான்சிஸ்டர் திறப்பதற்கு வேண்டிய தொடக்க மின்னழுத்தம் ஏறும், வடிவமைக்கும்போதே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மோதல் குறைந்த எலெக்ட்ரான்கள் அளவுக்கு மீறிய ஆற்றலோடு பாய்ந்து, வாயிலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் போய்ப் பதியும். அப்படிப் பதிந்து பதிந்து டிரான்சிஸ்டர் சீக்கிரம் மூப்படையும். குளிரில் எல்லாப் பொருளும் நீடித்து உழைக்கும் என்ற நம் பொது நம்பிக்கை இங்கே செல்லாது.

இன்னொரு செய்தியும் முக்கியம். அந்தக் காலத்து இருமுனை டிரான்சிஸ்டர்கள் குளிரில் வேகம் பெறவில்லை. 77 கெல்வினில் அவற்றின் பெருக்கத்திறன் சரிந்துவிடும். ஆகவே க்ரே நினைத்திருந்தாலும் தம் இசிஎல் சில்லுகளை நைட்ரஜனில் போட்டுப் பயன் கண்டிருக்க முடியாது. குளிரின் கொடை சீமாஸுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஈடிஏவின் இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன.

நைட்ரஜனைப் பற்றி ஒரு வார்த்தை. போலந்தின் கிராக்கோவ் நகரில் வ்ரூப்ளெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் அதை முதன்முதலில் கண்ணால் காணும் அளவுக்குத் திரவமாக்கியது 1883இல். சரியாக நூறு ஆண்டு கழித்து ஈடிஏ பிறந்தது. அதற்குள் நைட்ரஜன் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் சாதாரணப் பண்டமாகிவிட்டிருந்தது. கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். கொதிக்கும்போது ஒரு லிட்டர் ஏறத்தாழ 160 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 100 வாட் சூடு தரும் ஒரு பொருளை ஒரு லிட்டர் நைட்ரஜன் கிட்டத்தட்ட 27 நிமிடம் தாங்கும் என்பது இதன் பொருள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஹனிவெல் நிறுவனம் செய்து கொடுத்த சீமாஸ் சில்லு ஒவ்வொன்றிலும் சுமார் 20,000 வாயில்கள். சைபர் 205இன் சில்லுகளில் 168 வாயில்கள்தான் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தாவல் புரியும். இப்படிப்பட்ட சில்லுகள் சுமார் 240 சேர்ந்தால் ஒரு முழுச் செயலி. அறை நிறைய அலமாரிகளில் பரவிக்கிடந்த சைபர் 205இன் வழிவந்த ஒரு செயலி, இப்போது ஒரே சர்க்யூட் போர்டில் அடங்கிவிட்டது. அந்தப் போர்டுக்கு 44 அடுக்குகள். அவ்வளவு அடுக்குகளைத் துளைகள் ஒன்றோடொன்று பிசகாமல் ஒட்டுவதே அன்றைக்குப் பெரும் கலை. ஒரு தொட்டியில் இரண்டு செயலிகள் நைட்ரஜனில் மூழ்கியிருக்கும். மிகப்பெரிய மாதிரியில் எட்டுச் செயலிகள். நினைவகம் வெளியே, காற்றில்.

யோசித்துப் பாருங்கள், போர்டு ஒரு பொருளால் ஆனது, சில்லு வேறு பொருளால், ஈயப்பற்று இன்னொன்றால். 27 டிகிரியிலிருந்து மைனஸ் 196க்கு இறக்கினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கும். பற்றுகளில் விரிசல் விழும் அபாயம் உண்டு. சோதனை வேறொரு தலைவலி. சாதாரண இயந்திரம் மக்கர் செய்தால் பொறியாளர் ஆசிலோஸ்கோப்பின் முனையை எடுத்துச் சந்தேகப்படும் காலில் வைத்துப் பார்ப்பார். கொதிக்கும் நைட்ரஜனுக்குள் இருக்கும் போர்டில் எங்கே முனையை வைப்பது? வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் பனியாகப் படியும். அதுமட்டுமல்ல, வெப்பம் ஏறியதும் சில்லின் வேகமும் மாறிவிடும், குறை ஒளிந்துகொள்ளும். எனவே ஒவ்வொரு சில்லுக்குள்ளும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சுற்றை வைத்தார்கள். எந்தச் சில்லில் பிழை, எந்த இணைப்பில் பிழை என்று உள்ளிருந்தே அது சொல்லிவிடும். இன்று ஏறத்தாழ எல்லாச் சில்லிலும் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. ஈடிஏ அதைத் தேவையின் நெருக்கடியால் முன்கூட்டியே செய்தது. இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கொதித்து ஆவியாகும் நைட்ரஜனைத் திரும்பக் குளிரவைத்துத் திரவமாக்க வெளியே ஒரு குளிர்விப்பு நிலையம். 77 கெல்வினில் இருந்து ஒரு ஜூல் வெப்பத்தை அறைக்கு ஏற்றிக் கொண்டுவரக் குறைந்தது மூன்று ஜூல் ஆற்றல் செலவாகும் என்பது வெப்ப இயக்கவியலின் விதி. நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு. அதிகச் சூடு வெளியிடும் இசிஎல் செயலிக்கு இந்தச் செலவைக் கட்ட முடியாது. சீமாஸ் சிக்கனமாக இருந்ததால் கணக்கு கட்டுபடியானது.

குளிர் சொன்னதைச் செய்ததா? செய்தது. ஈடிஏ-10இன் மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். காற்றில் குளிர்ந்த மலிவான பி மாதிரியின் கடிகாரத் துடிப்பு 24 நானோ நொடி, க்யூ மாதிரியினுடையது 19. நைட்ரஜனில் மூழ்கிய ஈ மாதிரிக்கு 10.5, ஜி மாதிரிக்கு 7. பழைய சைபர் 205இன் துடிப்பு 20 நானோ நொடி. மெதுவானது என்று ஒதுக்கப்பட்ட சீமாஸ், குளிர் இல்லாமலே பழைய இசிஎல் இயந்திரத்தை எட்டிப்பிடித்து, குளிரோடு அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தாண்டியது. இந்த வித்தியாசம் முழுவதும் குளிரால் வந்ததல்ல, சில்லுகளைத் தரம் பிரித்துத் தேர்ந்ததும் அதில் சேரும். குளிர் மட்டும் தந்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோட்பாடு சொன்னதும் அதே.

முதல் இயந்திரம் 1987 தொடக்கத்தில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, டாலஹாசி நகருக்குப் போய்ச் சேர்ந்தது. வன்பொருள் தயார். ஆனால் அதை நடத்த முழுமையான இயங்குதளம் இல்லை. இணைத்து வைத்த அப்பல்லோ பணிநிலையக் கணினியிலிருந்து ஒரு நிரலை ஏற்ற வேண்டும், ஓட்ட வேண்டும், முடிந்ததும் சூப்பர் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி அடுத்ததை ஏற்ற வேண்டும். உலகின் மிக வேகமான இயந்திரங்களுள் ஒன்று, ஒவ்வொரு வேலைக்கும் நடுவே நின்று நின்று காத்திருந்தது. ஈடிஏ தானே எழுத முயன்ற இயங்குதளம் இழுத்துக்கொண்டே போனது. பிறகு யூனிக்ஸ் பக்கம் திரும்பினார்கள். அது நல்ல முடிவு, ஆனால் காலம் கடந்த முடிவு. அதற்குள் க்ரே ரிசர்ச் யூனிக்ஸ் வழிவந்த தன் இயங்குதளத்தோடும் நல்ல கம்பைலர்களோடும் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டது.

மென்பொருளுக்கு ஆளும் காலமும் ஒதுக்காததுதான் ஈடிஏவை வீழ்த்தியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 44 அடுக்குப் போர்டுக்கும் நைட்ரஜன் தொட்டிக்கும் கொடுத்த கவனத்தில் பாதியை இயங்குதளத்துக்குக் கொடுத்திருந்தால் வேறு கதை எழுதியிருப்போம். இயற்பியல் அவர்களைக் கைவிடவில்லை.

பெற்ற நிறுவனமும் தள்ளாடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் டேட்டா 1985 முதலே பெரும் நஷ்டத்தில் இருந்தது. ஈடிஏவை நம்பிப் பணம் போட்ட அதன் தலைவர் வில்லியம் நோரிஸ் 1986இல் ஓய்வு பெற்றுவிட்டார். 1989 ஏப்ரல் 17 அன்று ஈடிஏ சிஸ்டம்ஸ் மூடப்பட்டது. காலையில் வேலைக்கு வந்த பொறியாளர்கள் பலர் தங்கள் பொருட்களை அள்ளிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பிரின்ஸ்டன் அருகே ஈடிஏவை நம்பி அமைந்த ஜான் வான் நியூமன் சூப்பர் கம்ப்யூட்டர் மையமும் பின்னர் மூடப்பட்டது. காற்றில் குளிரும் சிறிய மாதிரி ஒன்று வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தது. கம்பெனி நடத்திய மாணவர் போட்டியில் அந்தப் பள்ளி வென்ற பரிசு. பதின்பருவப் பிள்ளைகள் கையில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்!

ஈடிஏ மறைந்த மூன்றாம் ஆண்டில், 1992இல், டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் ஆல்ஃபா 21064 என்ற செயலியை அறிவித்தது. சீமாஸ்தான். ஒரே சில்லு. 150 மெகாஹெர்ட்ஸ், அதாவது துடிப்புக்கு 6.7 நானோ நொடி. 240 சில்லுகளையும் ஒரு தொட்டி நைட்ரஜனையும் வைத்து ஈடிஏ எட்டிய 7 நானோ நொடியை, ஒரு விசிறியும் ஓர் அலுமினியத் தகடும் போதும் என்ற நிலையில் ஆல்ஃபா தாண்டிவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் ஈடிஏ-10 செய்த கணக்கு பல மடங்கு அதிகம், ஆகவே இரண்டும் சமமான இயந்திரங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் திசை தெளிவாகிவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வேகம் தானாக வருகிறது, குளிரவைக்க வேண்டியதில்லை. பத்தாண்டுக்குள் இசிஎல் பெரிய கணினிகளிலிருந்து மறைந்தது, ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம்களும் சீமாஸுக்கு மாறின. சீமாஸ்மேல் வைத்த பந்தயத்தில் ஈடிஏ சொன்னதே சரி. குளிர் அவர்களுக்குச் சில ஆண்டுகளை முன்கூட்டி வாங்கிக் கொடுத்தது. அந்த ஆண்டுகளைப் பயன்படுத்திக்கொள்ள அவர்களால் முடியவில்லை.

இதே நாடகம் சிறிய மேடையில் இன்னொரு முறை நடந்தது. தென் கரோலினாவில் கிரையோடெக் என்ற கம்பெனி, ஃப்ரிட்ஜில் இருப்பதுபோன்ற கம்ப்ரெஸரை மேசைக் கணினிக்கு அடியில் பொருத்தி, செயலியை மைனஸ் 40 டிகிரி வரை குளிரவைத்து விற்றது. ஏஎம்டியின் ஆத்லான் சில்லை வைத்து 1 கிகாஹெர்ட்ஸ் கணினியை 2000 தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதே ஆண்டு மார்ச் 6 அன்று ஏஎம்டி எந்தக் கம்ப்ரெஸரும் வேண்டாத 1 கிகாஹெர்ட்ஸ் ஆத்லானை வெளியிட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தன்னுடையதை அறிவித்தது. இந்த முறை குளிர் வாங்கித் தந்த அவகாசம் சில மாதங்கள்.

அதன்பின் கடுங்குளிர், சாதனைக்காக ஓவர்கிளாக்கிங் செய்பவர்களின் கைக்குப் போனது. செயலிமேல் ஒரு செம்புக் குவளையைப் பொருத்தி, அதில் நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே மின்னழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றுவார்கள். ஈரம் படிந்து மின்சுற்று கெடாமல் இருக்க மதர்போர்டில் வாசலினைப் பூசுவார்கள். ஈடிஏ பொறியாளர்கள் அறிந்திராத ஒரு சிக்கலை இவர்கள் சந்தித்தார்கள். கடைச் சில்லு எதுவும் மைனஸ் 196க்காக வடிவமைக்கப்பட்டதல்ல. கணக்குப் போடும் பகுதி குளிரில் துள்ளி ஓடும், ஆனால் துடிப்பை உண்டாக்கும் சுற்று, மின்னழுத்தத்துக்கு அளவுகோல் தரும் சுற்று, நினைவகத்தோடு பேசும் பகுதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் உறைந்து நின்றுவிடும். கோல்ட் பக் என்று அதற்குப் பெயர். அப்போது இவர்கள் கேஸ் டார்ச்சை எடுத்துக் குவளையைச் சூடாக்கி, சில்லை மீண்டும் எழுப்புவார்கள். ஒரு தலைமுறைச் சில்லு குளிரைத் தாங்கும், அடுத்த தலைமுறை தாங்காது.

2011 ஆகஸ்டில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் ஏஎம்டி ஏற்பாடு செய்த ஒரு நிகழ்வில், எஃப்எக்ஸ்-8150 செயலி 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கடையில் வாங்கினால் அதன் உச்ச வேகம் 4.2. மறுபடியும் அதே இரண்டு மடங்கு! ஆனால் எட்டுக் கருக்களில் இரண்டை மட்டும் விழிக்கவைத்து, எண்ணைத் திரையில் பதிவுசெய்யும் வரைக்கும்தான் அந்த வேகம். 2022 டிசம்பரில் இன்டெலின் 13ஆம் தலைமுறைச் செயலி ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. இரண்டு சாதனைக்கும் நைட்ரஜன் போதவில்லை, திரவ ஹீலியம் தேவைப்பட்டது.

ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும், ஆனால் மிகக் குறைந்த வெப்பத்தையே விழுங்கும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோஜூல். நைட்ரஜன் 27 நிமிடம் தாங்கிய 100 வாட்டை ஹீலியத்தின் கொதிப்பு அரை நிமிடம்கூடத் தாங்காது. குளிர்ந்த ஆவி இன்னும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்றாலும், அது விலையுயர்ந்த விளையாட்டுத்தான். கிடைக்கும் பலனும் நைட்ரஜனுக்கு மேல் சிறிதளவே. இன்றைய சில்லின் கம்பிகள் அவ்வளவு மெல்லியவை. எலெக்ட்ரான்கள் கம்பியின் சுவரிலேயே மோதுவதால், தடித்த செம்பில் கிடைத்த லாபம் அங்கே கிடைப்பதில்லை. உண்மையாகவே 4 கெல்வினுக்குப் போனால் சிலிக்கானுக்குள் கலந்திருக்கும் மாசு அணுக்கள் தம் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதனையாளர்களின் சில்லு தன் சூட்டாலேயே அந்த ஆழத்துக்குப் போகாமல் தப்பிக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2006இல் ஐபிஎம்மும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து சிலிக்கானோடு ஜெர்மானியம் கலந்த இருமுனை டிரான்சிஸ்டரை 4.5 கெல்வினில் வைத்து 500 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயக்கிக் காட்டின. அறை வெப்பத்தில் அது சுமார் 350. 1980களில் குளிருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இருமுனை டிரான்சிஸ்டர், ஜெர்மானியம் சேர்ந்ததும் குளிரை விரும்பத் தொடங்கிவிட்டது. ஆனால் அது தனியொரு டிரான்சிஸ்டர், செயலி அல்ல.

4 கெல்வினில் ஒரு முழுக் கணினியை ஓட்ட வேண்டுமென்றால் சிலிக்கானை விட்டுவிட்டு மின்தடையே இல்லாத உலோகங்களிடம் போக வேண்டும் என்று 1950களிலேயே ஓர் இளைஞர் முடிவு செய்திருந்தார். எம்ஐடியின் டட்லி பக், அவருடைய கிரையோட்ரான், பின்னர் அதே கனவைத் துரத்தி 1983இல் ஐபிஎம் கைவிட்ட ஜோசப்சன் திட்டம் ஆகியவற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.